சின்னப் பிள்ளைகளும் திரையும்: வீட்டிலும் பள்ளியிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிள்ளை ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் திரை பார்க்கலாம் என்பதுதான் பெற்றோர் முதலில் கேட்கும் கேள்வி. சிங்கப்பூரில் அதற்குத் தெளிவான விடை இருக்கிறது. சுகாதார அமைச்சு 2023இல் வெளியிட்டு, பிள்ளைகளின் உடல்நலத்துக்கான ‘குரோ வெல் எஸ்ஜி’ தேசியத் திட்டத்தின்கீழ் 2025 ஜனவரியில் புதுப்பித்த வழிகாட்டியின்படி, 18 மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காணொளி அழைப்பைத் தவிர வேறு திரையே வேண்டாம். 18 மாதம் முதல் 6 வயது வரை, பள்ளி நேரத்துக்கு வெளியே ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. 7 முதல் 12 வயது வரை, பள்ளிப் பாடம் தொடர்பான பயன்பாடு நீங்கலாக, இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. சாப்பாட்டு வேளையிலும் தூங்கப் போவதற்கு முந்திய ஒரு மணி நேரத்திலும் திரையை அறவே தவிர்க்க வேண்டும் என்றும் அந்த வழிகாட்டி சொல்கிறது.

இந்த எண்களை மனப்பாடம் செய்துகொண்டு, கடிகாரத்தைப் பார்ப்பதோடு நின்றுவிடுவது முதல் தவறு. ஒரு பிள்ளை பார்க்கும் ஐம்பது நிமிடம் மாலையில் அம்மாவோடு உட்கார்ந்து பேசிக்கொண்டே பார்த்ததாக இருக்கலாம். அதே ஐம்பது நிமிடம் சாப்பாட்டில் பதினைந்து, காரில் பதினைந்து, படுக்கையில் இருபது என்று சிதறியும் இருக்கலாம். கணக்கில் இரண்டும் ஒன்றே என்றாலும், இரண்டாவது வகையில் பிள்ளை அன்றைக்கு இழந்தது பேச்சையும் பசியுணர்வையும் தூக்கத்தையும். ஆகவே, திரை எதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்று பார்ப்பதுதான் பெரியவர்களின் முக்கியமான வேலை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சாப்பாட்டு வேளையை விரிவாகவே சொல்ல வேண்டும். பெரும்பாலான வீடுகளில் பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது. ஏதாவதோர் உணவங்காடி நிலையத்தில் ஞாயிற்றுக்கிழமை மதியம் அரை மணி நேரம் உட்கார்ந்து கவனித்தால் போதும். மைலோ கிண்ணத்தில் சாய்த்து வைத்த திறன்பேசி, அதற்கு நேரெதிரே உயர நாற்காலியில் இரண்டு, மூன்று வயதுப் பிள்ளை. கண் திரையை விட்டு நகர்வதில்லை. கரண்டி உதட்டைத் தொட்டதும் வாய் தானாகத் திறக்கிறது. உள்ளே போவது சோறா, தோசையா, காரமா, இனிப்பா என்று பிள்ளைக்குத் தெரியாது. தட்டு காலியாகிவிட்டது என்ற நிம்மதி பெற்றோருக்குக் கிடைக்கிறது. ஆனால், வயிறு நிறைந்தது என்று உடல் சொல்வதைக் கேட்கவும், மெல்லவும், புதிய சுவையை ஏற்கவும் மறுக்கவும் பிள்ளை பழக வேண்டிய நேரம் அதுதான். ஓராண்டு இப்படி ஊட்டிய பிறகு, ‘போன் இல்லாமல் ஒரு வாய் இறங்காது’ என்று சொல்லும்போது, பிள்ளையின் குணத்தைக் குறை சொல்வதற்கு இடமில்லை. அந்த நிபந்தனையை மேசையில் வைத்தவர்கள் நாம்.

இதை மாற்ற நினைப்பவர்கள் ஒரே நாளில் எல்லா வேளையிலும் நிறுத்தப் பார்த்து, இரண்டாம் நாள் கைவிட்டுவிடுகிறார்கள். வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்காரும் ஒரு வேளையை மட்டும் முதலில் எடுத்துக்கொள்வது நல்லது. இரவுச் சாப்பாடு என்றால், அப்பாவின் திறன்பேசியும் அம்மாவின் திறன்பேசியும் தாத்தாவினுடையதும் மேசைக்கு வரக்கூடாது. பிள்ளை சில நாள் குறைவாகச் சாப்பிடும். நலமாக உள்ள குழந்தை ஒரு வேளை அரைத் தட்டோடு எழுந்தால் அஞ்ச வேண்டியதில்லை. எடை குறைவாக உள்ள பிள்ளையாக இருந்தால் மருத்துவரிடம் பேசிவிட்டுத் தொடங்குங்கள்.

யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருக்கும் தொலைக்காட்சியைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. பாட்டிக்குத் தொடர் வேண்டும், தாத்தாவுக்குச் செய்தி வேண்டும், குழந்தை தரையில் பொம்மையோடு விளையாடுகிறது, அதனால் என்ன என்று தோன்றும். ஆனால், பின்னணியில் தொலைக்காட்சி ஓடும்போது பெரியவர்கள் குழந்தையிடம் பேசுவது குறைகிறது. குழந்தையின் விளையாட்டும் இடையிடையே அறுபடுகிறது. 18 மாதத்துக்குட்பட்டோர் இருக்கும் இடத்தில் பின்னணித் திரையும் வேண்டாம் என்று அமைச்சின் வழிகாட்டி சொல்வது இதனால்தான். 2009இல் இங்கே தொடங்கி, பிறந்தது முதல் பிள்ளைகளைப் பின்தொடர்ந்துவரும் ‘கஸ்டோ’ ஆய்வின் தரவுகளைக் கொண்டு 2023இல் ஒரு கட்டுரை வெளியானது. ஒரு வயதில் அதிக நேரம் திரைமுன் இருந்ததற்கும், ஒன்பது வயதில் கவனம் செலுத்துவதிலும் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்வதிலும் தென்பட்ட குறைகளுக்கும் தொடர்பு இருப்பதை அது காட்டியது. தொடர்பு இருக்கிறது என்பதாலேயே திரைதான் ஒரே காரணம் என்று ஆகிவிடாது. ஆனாலும் சும்மா ஓடும் பெட்டியை அணைத்து வைக்க அது போதுமான காரணம். மாமியாரிடம் தொடரை நிறுத்தச் சொல்வது எளிதன்று. குழந்தை தூங்கும் நேரத்துக்கு அதை மாற்றிக்கொள்ளும்படி மகனோ மகளோ அன்போடு கேட்டால், பெரும்பாலான பெரியவர்கள் ஒத்துக்கொள்வார்கள். மருமகள் தலையில் அந்தப் பொறுப்பைப் போடுவது இன்னொரு தவறு.

நம் தமிழ்க் குடும்பங்களுக்கே உரிய ஒரு தவறும் உண்டு. வீட்டில் ஆங்கிலம் மிகுந்துவிட்டது, பிள்ளைக்குத் தமிழ் வரவேண்டும் என்ற நல்லெண்ணத்தில், தமிழ்ப் பாடல் காணொளிகளைப் போட்டுவிட்டு அருகிலிருந்து எழுந்து போய்விடுகிறோம். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பட்ரிஷியா குல் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்கலாம். ஆங்கிலம் பேசும் வீடுகளைச் சேர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீனமொழியை ஒருவர் நேரில் உட்கார்ந்து, புத்தகமும் பொம்மையும் காட்டிப் பேசியபோது, அம்மொழியின் ஒலிகளைப் பிரித்தறிய அவர்கள் கற்றுக்கொண்டார்கள். அதையே காணொளியில் காட்டியபோது கற்கவில்லை. மொழி வளர்வதற்கு எதிரில் ஒரு முகம் வேண்டும். குழந்தை ‘ஆ’ என்றால் திரும்ப ‘ஆ’ என்று சொல்லும் ஆள் வேண்டும். பாடல் காணொளியைப் போடுவதில் குற்றமில்லை. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, கூடப் பாடி, காக்கா எங்கே என்று கேட்டு, முடிந்ததும் அணைத்துவிட்டு அதே பாட்டைக் குளிப்பாட்டும்போது பாடினால், அந்த மூன்று நிமிடம் பயனுள்ளதாகிவிடும். திருச்சியிலும் ஜோகூரிலும் உள்ள தாத்தா பாட்டியோடு காணொளி அழைப்பில் பேசுவதற்கு அமைச்சும் விதிவிலக்கு அளித்திருப்பது இதே காரணத்தால்தான்: மறுமுனையில் இருப்பவர் பதில் சொல்கிறார்.

‘கல்வி’ என்று பெயரிட்ட செயலி எல்லாம் கல்வி ஆகிவிடாது என்பதையும் இங்கேயே சேர்த்துச் சொல்லிவிடலாம். ஒன்று முடிவதற்குள் அடுத்தது தானாக ஓடத் தொடங்கும் அமைப்பை முதலில் நிறுத்தி வையுங்கள். முடிவே இல்லாத ஒன்றை ஐந்து வயதுப் பிள்ளை தானாக முடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

அடுத்தது, திரையைப் பரிசாகவும் தண்டனையாகவும் ஆக்குவது. ‘வீட்டுப்பாடம் முடித்தால் ஐபேட்’, ‘தம்பியை அடித்தாய், இன்று ஐபேட் கிடையாது’ என்று நாள்தோறும் கேட்கும் பிள்ளை, வீட்டிலேயே விலைமதிப்பானது அந்தப் பொருள்தான் என்று முடிவு செய்துவிடுகிறது. அழும்போதெல்லாம் கையில் கொடுப்பதன் விளைவு இதைவிடக் கடுமையானது; அழுகையைத் தானே அடக்கிக்கொள்ளவும், சலிப்பைத் தாங்கவும் பிள்ளை கற்றுக்கொள்ளும் வாய்ப்பு ஒவ்வொரு முறையும் பறிபோகிறது. ‘பாவம் பிள்ளை, அழுவுறான், கொஞ்ச நேரம் குடும்மா’ என்று பாட்டி சொல்வது பாசத்தால்தான். அப்பா மறுத்து, அம்மா தயங்கி, பாட்டி கொடுத்தால், யாரிடம் எவ்வளவு அழ வேண்டும் என்ற பாடத்தைத்தான் பிள்ளை கற்கும். எனவே விதியைப் பெரியவர்கள் எல்லோரும் பிள்ளை இல்லாத நேரத்தில் பேசி முடிவு செய்ய வேண்டும். பகல் முழுவதும் பிள்ளையோடு இருக்கும் இல்லப் பணிப்பெண்ணை அந்தப் பேச்சில் சேர்த்துக்கொள்ளாத வீடுகள் நிறைய உண்டு. சமையலும் துணி துவைப்பதும் பிள்ளையும் ஒரே நேரத்தில் அவர் கையில் இருந்தால், திறன்பேசியை நீட்டுவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. வேலையைக் குறைத்துக் கொடுக்காமல் விதியை மட்டும் சொல்வது பலன் தராது.

நேரம் முடிந்ததும் கையிலிருந்து பிடுங்குவதையும் தவிர்க்க வேண்டும். ‘இந்தக் கதை முடிந்ததும் அணைத்துவிட்டு, கீழே சைக்கிள் ஓட்டப் போகலாம்’ என்று தொடங்கும் முன்பே சொல்லி வையுங்கள். சின்னப் பிள்ளைக்குப் பத்து நிமிடம் என்றால் புரியாது, கதை முடிவது புரியும். கீழே போவதும் சும்மா சொல்வதன்று. உலகிலேயே கிட்டப்பார்வை மிகுந்த நாடுகளில் சிங்கப்பூரும் ஒன்று. நாளுக்கு இரண்டு மணி நேரம் வெளி வெளிச்சத்தில் இருப்பது அது வராமல் தடுக்கவோ தள்ளிப்போடவோ உதவும் என்று இங்குள்ள கண் மருத்துவர்கள் தொடர்ந்து சொல்லி வருகிறார்கள். வெயில் தணிந்த பிறகும் வெளி வெளிச்சம் வீட்டு விளக்கைவிடப் பல மடங்கு அதிகம்.

படுக்கையறைக்குள் திரை போவதைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. வெளிச்சம் தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பைத் தாமதப்படுத்துகிறது, உள்ளடக்கம் மனத்தை விழிக்க வைக்கிறது. சார்ஜர்களை எல்லாம் கூடத்தில் வைத்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

இனி பள்ளி. அங்கே எல்லாம் ஆசிரியர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவதும், பள்ளிதான் கெடுக்கிறது என்று பழி போடுவதும் ஒரே தவறின் இரு பக்கங்கள். பாலர் பள்ளிகளில் 18 மாதத்துக்குட்பட்டோருக்குத் திரை கிடையாது, அதற்கு மேற்பட்டோருக்குக் கற்றல் கற்பித்தலுக்கு மட்டும் என்பதே இப்போதைய நடைமுறை. பிள்ளைகளை அமைதிப்படுத்தவோ, பெற்றோர் வரும்வரை நேரத்தைப் போக்கவோ காணொளி போடும் வழக்கம் எங்காவது இருந்தால், பெற்றோர் மரியாதையாகக் கேட்கலாம், கேட்க வேண்டும். மாணவர் பராமரிப்பு நிலையத்திலும் இதே கேள்வி பொருந்தும். பள்ளி முடிந்து மாலை ஆறரை வரை அங்கே இருக்கும் பிள்ளை எவ்வளவு பார்த்தது என்று தெரியாமல், வீட்டில் புதிதாக ஒரு மணி நேரம் கொடுப்பது கணக்கையே தவறாக்கிவிடும்.

தொடக்கப்பள்ளியில், 2018இல் அறிமுகமான, கல்வி அமைச்சின் இணையவழி மாணவர் கற்றல் தளத்தில் வரும் பாடங்களைப் பிள்ளை தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு செய்ய விடுவது பரவலான தவறு. பாடம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், அடுத்த பக்கத்தில் விளையாட்டு திறந்திருக்கும். கணினி சாப்பாட்டு மேசையிலோ கூடத்திலோ, திரை எல்லோருக்கும் தெரியும்படி இருக்கட்டும். முதலாம் வகுப்புப் பிள்ளைக்குப் பாதுகாப்புக்காக என்று இணைய வசதியுள்ள திறன்பேசியை வாங்கிக் கொடுப்பதும் தேவையற்றது. அழைக்க மட்டும் உதவும் கைத்தொலைபேசி போதும். 2026 ஜனவரி முதல் உயர்நிலைப் பள்ளிகளிலும் பள்ளி நேரம் முழுவதும், இடைவேளையிலும் இணைப்பாட நடவடிக்கைகளிலும்கூட, திறன்பேசியும் திறன்கடிகாரமும் பயன்படுத்தக்கூடாது என்று கல்வி அமைச்சு அறிவித்திருக்கிறது. உயர்நிலை மாணவர்களின் கற்றல் சாதனங்கள் இரவில் தானாக உறக்கநிலைக்குப் போகும் நேரத்தையும் இரவு 11 மணியிலிருந்து 10.30க்கு அமைச்சு முன்கொண்டு வந்திருக்கிறது. பதின்ம வயதினருக்கே இந்த அளவு கட்டுப்பாடு தேவைப்படும்போது, எட்டு வயதுப் பிள்ளையின் தன்னடக்கத்தை மட்டும் நம்பியிருப்பது சரியாகாது.

கடைசியாக, காத்திருப்பது என்ற தவறு. ஒன்றரை வயதாகியும் ஒரு சொல்லும் பேசாத, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத, திரையை அணைத்தால் நெடுநேரம் அடங்காத பிள்ளையை, ‘இவன் சித்தப்பாவும் லேட்டாகத்தான் பேசினான்’ என்று சொல்லி ஓராண்டு தள்ளிப்போடுகிறார்கள். திரை நேரத்தைக் குறைத்துப் பார்ப்பதும் மருத்துவரைப் பார்ப்பதும் ஒன்றாகவே நடக்கலாம். ஒன்றின் பலனைப் பார்த்துவிட்டு அடுத்தது என்று இருக்க வேண்டியதில்லை. குழந்தையின் சுகாதாரக் கையேட்டில் வயதுக்கேற்ற வளர்ச்சிப் படிகளைக் குறிக்கும் பக்கங்களை நிரப்பி, பிள்ளை சொல்லும் சொற்களைத் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் எழுதி, பலதுறை மருந்தகத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். தேவைப்பட்டால் அங்கிருந்து கேகே மகளிர், சிறார் மருத்துவமனைக்கோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கோ, பிள்ளை வளர்ச்சிப் பிரிவுக்குப் பரிந்துரைப்பார்கள்.