லயத்தை ஒரே வரியில் எழுதுங்கள்

எழுத்தே ஓவியமாக நிற்கும் படைப்புகளைப் பற்றி எழுத வருணனை போதாது. தாளில் எழுத்தை நிறுத்தும் இடத்தாலேயே அவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டும். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என்னிடம் எழுதப் பழக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தரும் முறை இது.

முதலில் ஒரு படைப்பைத் தேர்ந்துகொள்ளுங்கள். நான் தொடங்குவது ஓய்கன் கோம்ரிங்கர் 1950-களில் எழுதிய கவிதையிலிருந்து. மௌனத்தைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லை வரிக்கு மூன்றாக ஐந்து வரிகளில் அடுக்கினார். நடு வரியின் நடுச் சொல்லை மட்டும் விட்டுவிட்டார். 14 சொற்கள் சூழ்ந்து நிற்க, மௌனம் அந்த வெற்றிடத்தில் இருக்கிறது. ‘அழகாக இருக்கிறது’ என்று எழுதாதீர்கள். அது எந்த விதியால் இயங்குகிறது என்பதை ஒரே வாக்கியத்தில் குறித்துக்கொள்ளுங்கள். என் குறிப்பு இது: சொன்னதையே சொல்லி, சொல்லாததைக் காட்டுதல்.

இனி அந்த விதியை உங்கள் ஊருக்குக் கொண்டுவாருங்கள். எங்கள் தோட்டத்தில் பால்மரம் என்னும் ரப்பர் மரம் போய்ச் செம்பனை வந்தது. பின்பு தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயமும் போனது. அதனால் நான் வீடுகளை எழுதுகிறேன், நாங்கள் அழைத்த பெயர்களிலேயே: தண்டல் வீடு, தையல்கார அக்கா வீடு, ஆயாக் கொட்டகை, முருங்கைமர வீடு. தாளைக் குறுக்காகத் திருப்பி எல்லாவற்றையும் ஒரே வரியில் எழுதுங்கள். லயம் அப்படித்தான் நின்றது; வரியை மடக்கினால் அது வேறு ஏதோ குடியிருப்பாகிவிடும். முதன்முதலாகக் காலியான வீட்டின் பெயரை எழுதாமல் விடுங்கள். ஆனால் விடும் இடம் அந்தப் பெயரின் அகலத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். குறைந்தால் எழுத்துப் பிழைபோல் தெரியும்; கூடினால் அழுகையை வரவழைக்கும் முயற்சி போலாகிவிடும்.

இதற்குக் கட்டம் போட்ட கணக்கு நோட்டுதான் வேண்டும். கட்டத்துக்கு ஓர் எழுத்து. கொம்பையும் காலையும் மெய்யிலிருந்து பிரிக்காதீர்கள். ‘கொ’ ஒரே கட்டத்தில் அடங்கட்டும். இது நமக்குப் புதிய பழக்கமன்று. அணியிலக்கண நூலான தண்டியலங்காரம், எழுத்துகளைப் படம்போல் அமைக்கும் சித்திரகவிக்கு இலக்கணம் சொல்கிறது. அவற்றுள் சருப்பதோபத்திரம் 64 கட்டங்களில் எழுத்துகளை நிறுத்தி, எந்தப் பக்கத்திலிருந்து படித்தாலும் பாட்டு வரும்படி செய்வது. அந்த உழைப்பைப் பார்த்த பிறகு, கைபோன போக்கில் சொற்களைச் சிதறவிட எனக்கு மனம் வருவதில்லை.

மரம் சீவுவதைப் பற்றி எழுத விரும்பினால் வரியைச் சாய்த்துப் பாருங்கள். வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் இறங்கும். பால் அந்தச் சாய்வில் ஓடி, மங்கு என்னும் கிண்ணத்தில் விழும். நம் வாசிப்பும் இடமிருந்து வலம் என்பதால், கண் தானாகவே கீழே இறங்கிவிடும். மரத்தின் படத்தை வரைந்து அதற்குள் சொற்களை அடைப்பதை மட்டும் செய்யாதீர்கள்.

முடிந்ததும் எழுதியதை நேர் வரிகளாகப் பிரதி எடுத்துப் படியுங்கள். எதுவும் குறையவில்லை என்றால் அமைப்பு வெறும் அலங்காரம். கலைத்துவிட்டு மீண்டும் எழுதுங்கள். ஒரு சொல்லாவது உயிரிழந்தால் சரியான வழியில் இருக்கிறீர்கள்.

திருத்திக்கொண்டே வாரக்கணக்கில் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு ஆன் கவாராவைச் சொல்வேன். 1966 ஜனவரி 4 முதல் அன்றன்றைய தேதியையே ஓவியமாகத் தீட்டியவர்; அன்றைக்குள் முடியாததை அழித்துவிடுவார்.

கைப்பேசியில் தட்டச்சு செய்து அனுப்பினால் வரி மடங்கி லயம் உடைந்துவிடும். தாளைப் படமெடுத்து அனுப்புங்கள். அதைவிட நல்லது, அமெரிக்கக் கலைஞர் ஜென்னி ஹோல்சர் 1970-களின் இறுதியில் தம் வாசகங்களை நியூயார்க் தெருச் சுவர்களில் ஒட்டியதுபோல் வெளியே வைப்பது. மளிகைக் கடைக்காரரிடம் அனுமதி கேளுங்கள். கூரைக்குக் கீழே, பஸ்ஸுக்கு நிற்பவரின் கண்மட்டத்தில் ஒட்டுங்கள். மாலை மழையில் கரையாத மையால் எழுதுங்கள்.