மயக்கம் வராததால் மருந்து சாதுவாகிவிடாது

கொடைக்கானல் மேல்மலையில், மன்னவனூரானாலும் பூம்பாறையானாலும், பூச்சிமருந்து பாக்கெட்டில் பலரும் கவனிப்பது மூலையில் இருக்கும் முக்கோணத்தின் நிறத்தைத்தான். சிவப்பு என்றால் குழந்தைகளுக்கு எட்டாமல் பரணில் ஏறும். பச்சை என்றால் அடுப்படி அலமாரியில் உப்பு டப்பாவுக்குப் பக்கத்திலேயே இடம் கிடைத்துவிடும்.

அந்த முக்கோணம் பொய் சொல்லவில்லை. ஆனால் நாம் கேட்க நினைக்கும் கேள்விக்கு அது பதிலே சொல்லவில்லை. ஒரே வேளையில் வாய்வழியாக எவ்வளவு கொடுத்தால் சோதனை எலிகளில் பாதி இறக்கும் என்பதுதான் அதன் கணக்கு. உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்குள் என்றால் சிவப்பு, 500 வரை மஞ்சள், 5000 வரை நீலம், அதற்கு மேல் பச்சை. பத்து வருடம் தெளித்தவரின் தைராய்டு என்ன ஆகும், அவர் வீட்டில் உருவாகும் கரு என்ன ஆகும் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் இல்லை. அடித்த அன்று மயக்கம் எதுவும் வராமலே உடலின் ஹார்மோன்களைக் குலைக்கும் பொருள்கள் உண்டு; இங்கே பேசுவது அவற்றைப் பற்றித்தான்.

மான்கோசெப்பை எடுத்துக்கொள்வோம். கடையில் எம்-45 என்று கேட்டு வாங்கும் மஞ்சள் நிறப் பூஞ்சைக்கொல்லித் தூள். மூடுபனி நாலு நாள் இறங்கி நின்றால் உருளைக்கிழங்கில் பின்கருகல் நோய் வந்துவிடும்; அதற்கு அஞ்சித்தான் இதை அடிக்கிறார்கள். எலிக்கணக்கில் இது ஏறக்குறைய சாது. ஆனால் இது சிதையும்போது உண்டாகும் எத்திலீன் தையோயூரியா, தைராய்டு சுரப்பி ஹார்மோன் தயாரிப்பதையே தடுக்கக்கூடியது. இனப்பெருக்கத்துக்குக் கேடு, ஹார்மோன்களைக் குலைக்கிறது என்ற காரணங்களைச் சொல்லி 2020 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் மான்கோசெப்பின் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. அதே ஆண்டு மே மாதம் நம் மத்திய அரசு 27 மருந்துகளைத் தடைசெய்ய வரைவு ஆணை வெளியிட்டபோது அந்தப் பட்டியலிலும் இது இருந்தது. அதன் பிறகும் கடைகளில் விற்பனை நிற்கவில்லை.

அடுத்த தவறு, அளவை மட்டும் பார்ப்பது. "துளியூண்டுதானே" என்பார்கள். அளவுதான் எதையும் நஞ்சாக்குகிறது என்பது 16ஆம் நூற்றாண்டு மருத்துவர் பாராசெல்சஸ் காலத்திலிருந்து நஞ்சியலின் அடிப்படைப் பாடம். அது தவறும் இல்லை. ஆனால் ஹார்மோன்கள் வேலை செய்வதே துளியூண்டில்தான். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் பெண்மைக்கான ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் பிக்கோகிராம் அளவில்தான் இருக்கும். ஒரு கிராமை லட்சம் கோடிப் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் பிக்கோகிராம். இவ்வளவு நுண்ணிய ஏற்பாட்டில் குறுக்கிட டம்ளர் கணக்கில் நஞ்சு தேவையில்லை.

எவ்வளவு என்பதோடு எப்போது என்றும் கேட்க வேண்டும். நாற்று முளைவிட்ட வாரத்தில் விழும் உறைபனியும் அறுவடை முடிந்த வயலில் விழும் உறைபனியும் ஒன்றா? அமெரிக்காவில் கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பி டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனைக் கர்ப்பிணிகளுக்குப் பல ஆண்டுகள் கொடுத்தார்கள். சாப்பிட்ட தாய்மார்களிடம் உடனடியாக எந்தக் கோளாறும் தெரியவில்லை. அவர்கள் வயிற்றிலிருந்த பெண் குழந்தைகள் வளர்ந்து பருவ வயதைத் தொட்டபோது, அந்த வயதில் யாரும் எதிர்பாராத பிறப்புறுப்புப் புற்றுநோய் சிலருக்கு வந்தது. 1971இல்தான் பாஸ்டன் மருத்துவர்கள் இரண்டையும் முடிச்சுப்போட்டார்கள்.

தியோ கோல்பார்ன் பார்த்ததும் இதே கதையைத்தான். மருந்தாளராக இருந்து, ஆடு வளர்த்து, 58 வயதில் விலங்கியலில் முனைவர் பட்டம் வாங்கிய பெண்மணி. வட அமெரிக்கப் பேரேரிகளின் பறவைகளைப் பற்றிய ஆய்வுகளைப் புரட்டியபோது, தாய்ப்பறவைகள் நன்றாகவே இருந்தன, குஞ்சுகள்தான் தேறவில்லை. புற்றுநோயை மட்டும் தேடியிருந்தால் அவருக்கு ஒன்றும் அகப்பட்டிருக்காது. 1991இல் அவர் முன்னின்று பல துறை அறிஞர்களைக் கூட்டிப் பேசியபோதுதான் இந்தச் சிக்கலுக்கே ‘எண்டோகிரைன் டிஸ்ரப்ஷன்’, அதாவது ஹார்மோன் குலைவு, என்று ஒரு பெயர் கிடைத்தது.

இதை மேல்மலை வயலுக்குக் கொண்டுவந்து பார்த்தால் எனக்கு மிகவும் உறுத்துவது ஸ்வெட்டர். தெளிப்பவர் காலையில் போடும் அதே கம்பளி ஸ்வெட்டர்தான் மாலையில் வீட்டிலும். மழைக்காலத்தில் துவைத்தால் காய நாலைந்து நாள் ஆகும் என்பதால் துவைப்பதில்லை. கழுத்துப்பட்டியிலும் முன்கையிலும் மஞ்சள் திட்டாக மருந்து ஒட்டியிருக்கும். வீட்டுக்கு வந்ததும் குழந்தை ஓடிவந்து அந்தத் தோளில்தான் முகத்தைப் புதைக்கும். குளிர் என்று குளியலும் மறுநாளைக்குப் போகும். முகக்கவசம், கையுறை என்று அதிகாரிகள் சொல்லும் அறிவுரைகள் சரிதான். ஆனால் தெளிப்பதற்கென்றே ஒரு பழைய சட்டை, அதை வீட்டுக்கு வெளியே கழற்றி மாட்ட ஓர் ஆணி, தனியாகத் துவைக்க ஒரு வாளி என்று யாரும் சொல்லக் கேட்டதில்லை. செலவில்லாத காரியம் என்பதால்தானோ என்னவோ!

மருந்து அடித்த வயலில் மறுநாளே பெண்களைக் களை வெட்ட இறக்குவதும் இதே வகைத் தவறு. கருத்தரித்த முதல் சில வாரங்களில் அவர்களுக்கே அது தெரியாது. கருவின் சொந்தத் தைராய்டு வேலை செய்யத் தொடங்காத அந்த மாதங்களில், மூளை வளர அது தாயின் தைராய்டு ஹார்மோனையே நம்பியிருக்கிறது. "மாசமாக இருந்தால் சொல்லுங்கள், வேறு வேலை தருகிறோம்" என்பதால் பயனில்லை. சொல்லத் தெரியவரும் முன்பே அந்த நாட்கள் கடந்துவிடும். அடித்த வயலில் மறுபடி இறங்கும் முன் எல்லோரும் காத்திருக்க வேண்டும்.

மழையில் மருந்து வழிந்துவிடாமல் இருக்கச் சேர்க்கும் ஒட்டும் திரவத்தை யாரும் மருந்தாகவே நினைப்பதில்லை. வெறும் கையை விட்டுக் கலக்குவார்கள். இந்த வகைத் திரவங்கள் சிலவற்றில் நோனைல்பீனால் குடும்பத்துப் பொருள்கள் உண்டு. அது ஈஸ்ட்ரோஜனைப் போல நடக்கக்கூடியது என்று பரவலாகத் தெரியவந்ததே ஒரு விபத்தால்தான். அமெரிக்காவில் அனா சோட்டோ, கார்லோஸ் சோனன்ஷைன் என்ற இரு ஆய்வாளர்கள் மார்பகப் புற்றுநோய்ச் செல்களை வளர்த்துவந்தார்கள். ஈஸ்ட்ரோஜன் சேர்க்காத குழாய்களிலும் ஒரு நாள் செல்கள் பெருகத் தொடங்கின. மாதக்கணக்கில் தேடிய பிறகு, குழாயின் பிளாஸ்டிக்கிலிருந்தே நோனைல்பீனால் கசிந்தது தெரிந்தது.

சமையலறைக்கு வருவோம். கேரட் பளபளவென்று கழுவி வந்திருக்கிறது என்பதால் அப்படியே நறுக்க வேண்டாம். அந்தக் கழுவல் மண் போவதற்காக. ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவித் தோல் சீவினால் மேற்பரப்பில் இருப்பது பெரும்பாலும் போய்விடும். செடியே உறிஞ்சிக்கொண்ட மருந்து மஞ்சள் தண்ணீரில் ஊறவைத்தாலும் போகாது. "கொதித்தால் எல்லாம் செத்துவிடும்" என்பது கிருமிக்குப் பொருந்தும். மான்கோசெப் எச்சத்தின் ஒரு பகுதி கொதிக்கும்போதுதான் எத்திலீன் தையோயூரியாவாக மாறும். எனவே பீன்ஸோ முட்டைக்கோஸோ, கழுவிய பிறகே அடுப்பில் ஏற வேண்டும்.

பிளாஸ்டிக்கில் நம் பயம் பெரும்பாலும் ஆளை மாற்றிப் பிடித்திருக்கிறது. கொடைக்கானலில் சிறிய தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை உண்டு; அது குப்பைக்காக, நல்ல காரியம். ஆனால் சில பிளாஸ்டிக்குகளைத் தயாரிக்கச் சேர்க்கும், ஈஸ்ட்ரோஜனைப் போல நடக்கக்கூடிய பிஸ்பீனால்-ஏ மீதுள்ள பயத்தில் அவற்றைத் திட்டுபவர்கள், வெயிலில் லாரியில் வரும் கீறல் விழுந்த பழைய 20 லிட்டர் கேனைக் கவனிப்பதில்லை. மெல்லிய பாட்டில் பெட் (PET) என்ற பிளாஸ்டிக் வகை. அதைத் தயாரிக்க பிஸ்பீனால்-ஏ தேவையில்லை. கெட்டியான பாலிகார்பனேட் கேனுக்குத் தேவை. பிஸ்பீனால்-ஏயில் ஒரு நாளைக்குத் தாங்கக்கூடியதாகக் கருதிய அளவை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் 20,000 மடங்கு குறைத்தது. "பிஸ்பீனால்-ஏ இல்லை" என்று ஒட்டியிருந்தால் நிம்மதியா என்றால், அதற்குப் பதில் சேர்க்கும் பிஸ்பீனால்-எஸ்ஸும் ஏறக்குறைய அதே வேலையைச் செய்கிறது. மிஷினில் அச்சாகும் பஸ் டிக்கெட்டின் தாளிலும் இவற்றில் ஒன்று இருக்கக்கூடும். சில்லறை தேடும்போது அதை உதட்டில் கவ்விக்கொள்ளாமல், குழந்தை கையில் விளையாடக் கொடுக்காமல் இருந்தால் போதும். குளிர்காய மூட்டும் தீயில் பழைய பிவிசி குழாயையும் மருந்து டப்பாவையும் போடுவது இதையெல்லாம்விட மோசம். பிவிசி எரிந்தால் டையாக்சின் என்ற நஞ்சு வரும். அது கொழுப்பில் போய்த் தங்கும்.

இவ்வளவும் படித்துவிட்டு, உடலின் நஞ்சை வெளியேற்றும் என்று விற்கும் டீடாக்ஸ் பொடி தேடிப் போவது அடுத்த தவறு. பிஸ்பீனால்-ஏ ஒரு நாளுக்குள் சிறுநீரில் பெரும்பாலும் வெளியேறிவிடும். பொடி செய்ய வேண்டிய வேலை எதுவும் அதில் இல்லை. டிடிடி என்ற பழைய பூச்சிமருந்து போலக் கொழுப்பில் வருடக்கணக்கில் தங்குவதை எந்தப் பொடியும் இழுத்து வெளியே போடாது. தைராய்டு, நீர்க்கட்டி என்று வரும் ஒவ்வொன்றையும் மருந்தின் தலையில் கட்டுவதும் சரியில்லை. அயோடின் குறைவு, பரம்பரை, உடலே தன் சுரப்பியைத் தாக்கும் நோய் என்று காரணங்கள் பல. "வேதிப்பொருளால் வந்தது, வேதிப்பொருளே வேண்டாம்" என்று தைராய்டு மாத்திரையை, அதுவும் கர்ப்ப காலத்தில், நிறுத்துகிறவர்கள் குழந்தைக்குச் செய்வது பெரிய தீங்கு.

மருத்துவரிடம் போனால் "தோட்ட வேலை" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். எந்த மருந்து, கடைசியாக எப்போது அடித்தது, வயலில் யார் யார் இருந்தார்கள் என்று சொல்லுங்கள். பெயர் நினைவில்லை என்றால் பாக்கெட்டை செல்போனில் படமெடுத்துக் கொண்டுபோகலாம். முக்கோணம் இருக்கும் பக்கத்தை மட்டும் எடுக்காமல், பொடி எழுத்தில் வேதிப்பெயர் இருக்கும் பக்கத்தையும் சேர்த்து எடுங்கள்.