பேய்ப் படம் எடுக்கப் போறீங்களா? பேயை அவசரப்பட்டுக் காட்டாதீங்க

காட்பாடியிலும் சத்துவாச்சாரியிலும் உட்கார்ந்து பேய்க்கதை எழுதும் தம்பி தங்கைகளே, முதலில் அந்தப் பாழடைந்த பங்களாவைத் தூக்கிப் போடுங்கள். நம்மில் எத்தனை பேர் பங்களாவில் இருக்கிறோம்? வேலூர்க் கோட்டையும் வேண்டாம், தொல்லியல் துறை அனுமதிக்கே அலைய வேண்டும். 2009-ல் வந்த 'யாவரும் நலம்' படத்தில் பேய் வந்தது புது ஃப்ளாட்டில், டிவி சீரியல் வழியாக. அதைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் நான் டிவி பக்கமே போகவில்லை.

அடுத்து, திடுக்கிட வைப்பது வேறு, சஸ்பென்ஸ் வேறு. மேஜைக்கடியில் குண்டு இருப்பது உட்கார்ந்து பேசுகிறவர்களுக்குத் தெரியாமல், பார்க்கிற நமக்கு மட்டும் தெரிந்தால் அதுதான் சஸ்பென்ஸ் என்று இயக்குநர் ஹிட்ச்காக் விளக்கியிருக்கிறார். நம்ம ஊருக்கு இப்படி யோசித்துப் பாருங்கள். மே மாத ராத்திரி, கரண்ட் இல்லை, மொட்டை மாடித் தரை இன்னும் சுடுகிறது, பாட்டி, அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என ஐந்து பேரும் பாய் விரித்து வரிசையாகப் படுத்திருக்கிறார்கள். கேமரா கால்களை மட்டும் மெதுவாகக் காட்டிக்கொண்டே போகிறது. எண்ணினால் பன்னிரண்டு பாதம். 'இந்தப் பக்கமும் விசிறும்மா' என்று ஒரு குரல். அம்மா அரைத் தூக்கத்தில், திரும்பிக்கூடப் பார்க்காமல், விசிறியை அந்தப் பக்கம் திருப்புகிறாள்.

அவ்வளவுதான். இங்கே வயலினை அலறவிட்டால் எல்லாம் போச்சு. விசிறிச் சத்தம் மட்டும் போதும்.

காசு இல்லையே என்று கவலைப்படாதீர்கள். 1975-ல் வந்த 'ஜாஸ்' படத்தை எடுத்தபோது இயந்திரச் சுறா கடல் தண்ணீரில் அடிக்கடி மக்கர் பண்ணியதால்தான் இயக்குநர் ஸ்பீல்பெர்க் சுறாவை ரொம்ப நேரம் காட்டாமலே பயமுறுத்த வேண்டியதாயிற்று.

சிரிப்பு? வையுங்கள். 'காஞ்சனா'வுக்குக் குடும்பம் குடும்பமாகப் போனோமே. சிரித்து உடம்பு தளர்ந்த நேரத்தில்தான் அடுத்த அடி பலமாக விழும். ஆனால் பேயைக் கோமாளி ஆக்கிவிடாதீர்கள், அப்புறம் யாரும் பயப்பட மாட்டார்கள். ரத்தத்தைக் கொட்டி 'ஏ' சான்றிதழ் வாங்கினால் 18 வயதுக்குக் கீழே யாரையும் உள்ளே விட மாட்டார்கள், பிள்ளைகள் இல்லாமல் குடும்பம் ஏது?

கதையை முடித்ததும் முறுக்கு சுட்டுக்கொண்டிருக்கும் அத்தையிடம் சொல்லிப் பாருங்கள். எந்த இடத்தில் ஜல்லிக்கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு "அப்புறம்?" என்கிறாரோ, அங்கே இடைவேளை விடுங்கள்.