வெள்ளிக்கிழமைப் புதுப் பாட்டு தப்பாமல் வந்து சேர
2015 ஜூலை 10 முதல் உலகெங்கும் புது ஆல்பங்கள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைதான் வெளியாகின்றன. பாட்டுக் கேட்கும் செயலியான ஸ்பாட்டிஃபையில், நீங்கள் ஃபாலோ செய்யும் கலைஞர்களின் புதுப் பாட்டுகளைக் கொண்டுவரும் ‘ரிலீஸ் ரேடார்’ பட்டியலும் அன்றுதான் மாறும். பிடித்த பாட்டைச் சேமிப்பதோடு நிற்காமல், கலைஞரின் பக்கத்தில் ‘ஃபாலோ’ அழுத்துங்கள். ஜாஸ், கர்நாடக இசை, ஹிப்ஹாப், மெட்டல் என வகைக்கு ஐந்து பேர் போதும். ஒரே வகையில் ஐம்பது பேர் என்றால் பட்டியல் முழுக்க அதே வாசனைதான்.

வீட்டில் குழந்தைக்கு நாள்முழுக்க ரைம்ஸ் ஓடுகிறதா? பரிந்துரையிலும் அதுவே வந்து நிற்கும். அந்த ப்ளேலிஸ்ட்டின் மூன்று புள்ளியைத் தொட்டு, ‘எக்ஸ்க்ளூட் ஃப்ரம் டேஸ்ட் ப்ரொஃபைல்’ (உங்கள் ரசனைக் கணக்கில் சேர்க்காதே) கொடுத்துவிடுங்கள்.

வாராந்தரப் பரிந்துரைப் பட்டியலான ‘டிஸ்கவர் வீக்லி’யில் பிடித்ததை உடனே சேமியுங்கள், அடுத்த திங்கட்கிழமை பழைய பட்டியல் இருக்காது.