இரைப்பையைச் சுருக்கிய பிறகு: கொழும்பு வீட்டில் சாப்பாடும் குளிசையும்

வைத்தியசாலையில் இருந்து வரும்போது தரும் டயக்னோசிஸ் கார்ட்டில் முதலில் பார்க்க வேண்டியது ஒன்று: உங்களுக்குச் செய்தது ஸ்லீவா, பைபாஸா? எடை குறைப்புச் சத்திரசிகிச்சை என்று எல்லோரும் ஒரே பெயரில் சொன்னாலும் பின்விளைவுகள் ஒன்றல்ல. ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். வாழைப்பழம் போல ஒரு குழாய் மிஞ்சும், குடலைத் தொடுவதில்லை. பைபாஸில் ஏறக்குறைய 30 மில்லிலீற்றர் கொள்ளும் சிறு பை ஒன்றைப் பிரித்து, சிறுகுடலின் முதற்பகுதியைத் தாண்டி, கீழே உள்ள பகுதியோடு இணைக்கிறார்கள். இரும்பும் கல்சியமும் அதிகம் உறிஞ்சப்படுவது அந்தத் தாண்டிவிட்ட பகுதியில்தான். ஆகவே சத்துக் குறைபாடும் இனிப்புக்குப் பின் வரும் தலைசுற்றலும் பைபாஸ்காரருக்குக் கூடுதல். நெஞ்செரிவு ஸ்லீவ்காரருக்குக் கூடுதல். கார்ட்டைப் படம் எடுத்து தொலைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். பல் பிடுங்கப் போனாலும், காய்ச்சலுக்கு வேறு வைத்தியரைச் சனல் பண்ணினாலும் அதைக் காட்ட வேண்டும்.

முதல் இரண்டு மாதம்

உங்கள் சத்திரசிகிச்சைக் குழு தந்த தாளில் உள்ளதே முடிவு. பொதுவான ஒழுங்கு இது: முதல் ஒன்றிரண்டு நாள் தெளிந்த நீராகாரம், பிறகு இரண்டாம் வாரம் முடியும்வரை கட்டியில்லாத திரவம், மூன்றாம் நான்காம் வாரம் மசித்தது, ஐந்தாம் ஆறாம் வாரம் மென்மையானது, அதன் பின் மெல்ல மெல்லச் சாதாரண உணவு.

திரவக் காலத்தில் பாணி மருந்துப் போத்தலோடு வரும் சிறு கப்தான் சரியான அளவு. 15 நிமிடத்துக்கு 30 மில்லிலீற்றர் என்று உறிஞ்சுங்கள். எண்ணெய் வடித்த கோழிச் சூப், வடிகட்டிய பருப்புத் தண்ணீர், கொழுப்பு நீக்கிய பால், சீனியில்லாத மோர் போதும். வீட்டில் நோயாளி என்றதும் மால்ட் பானத்தைக் கரைத்து நீட்டுவார்கள். அதில் பெரும்பகுதி மாச்சத்தும் சீனியும். புரதத்துக்கு அது மாற்றல்ல. புரத மா வாங்குவதானால் லேபிளைப் பாருங்கள்: ஒரு கரண்டி மாவில் 20 கிராமுக்குக் குறையாத புரதம், 5 கிராமுக்கு மேற்படாத சீனி.

மசித்த உணவுக் கட்டத்தில் கொழும்புச் சமையலறை நன்றாகவே கைகொடுக்கும். அவித்த பாரை அல்லது சூரை மீனை முள் எடுத்து, உறைப்பில்லாத தண்ணிச் சொதியோடு அடித்தால் நல்ல உணவு. கரைய அவித்த பருப்பு, தளதளவென்று கிளறிய முட்டை, பூசணி எல்லாம் இறங்கும். தேங்காய்ப்பாலில் முதற்பாலைத் தவிர்த்து இரண்டாம் மூன்றாம் பாலைப் பாவியுங்கள், கெட்டிப்பால் குமட்டும். செத்தல் மிளகாயும் கட்டைச் சம்பலும் காத்திருக்கட்டும்.

ஆறு வாரத்துக்கு 5 கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம். கேஸ் சிலிண்டர் மாற்றுவது வேறு யாரின் வேலையாகவாவது இருக்கட்டும்.

தட்டைத் திருப்பிப் போடுங்கள்

நம் தட்டில் சோறு மலை, கறி ஓரம். இனி அது தலைகீழாக வேண்டும். நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் தேவை. அது கிடைக்காவிட்டால் கொழுப்போடு தசையும் சேர்ந்து கரையும். இரண்டு முட்டையில் 12 கிராம், சமைத்த மீன் 100 கிராமில் 20க்கு மேல், கோழி நெஞ்சு இறைச்சி 100 கிராமில் 30 அளவில், சமைத்த பருப்பு 100 கிராமில் 9. பலர் நம்பியிருக்கும் 80 கிராம் யோகட் கப்பில் 3 கிராம்தான், அதோடு சீனியும். மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்கள் பயறு, கௌபி, கடலை, சோயா மீட், தயிர் என்று திட்டமிட்டுச் சேர்க்காவிட்டால் கணக்கு எட்டாது. அவர்களுக்குப் புரத மா நீண்டகாலம் தேவைப்படலாம்.

முதலில் மீன் அல்லது முட்டை, பிறகு மரக்கறி, இடமிருந்தால் கடைசியில் இரண்டு மூன்று கரண்டி சோறு. தேக்கரண்டியால் சாப்பிடுங்கள், கையால் பிசைந்தால் கவளம் பழைய அளவுக்குத் தானாகப் போய்விடும். ஒரு வேளைக்கு 20 முதல் 30 நிமிடம். நெஞ்சுக்குள் அழுத்தம், விக்கல், மூக்கில் நீர், இதில் ஒன்று வந்தாலே வயிறு நிறைந்துவிட்டது. அதன் பின் ஒரு வாய்கூட வேண்டாம்.

சிக்கிக்கொள்பவை பெரும்பாலும் தெரிந்த ஆட்கள்தான்: பாண், ரொட்டி, மாலு பாண், மீண்டும் சூடாக்கிக் காய்ந்த கோழி, கட்டிபட்ட சோறு, குழம்பில்லாத பிட்டு. கொத்து ரொட்டி இவற்றில் மோசம். மாவும் எண்ணெயும் கலந்தது, அதோடு அவசரமாகத் தின்னத் தூண்டுவது. இடியப்பம் சொதியில் நனைந்தால் இறங்கும், ஆனால் அதில் புரதம் சொற்பம். சிக்கினால் நெஞ்சு இறுகும், வாயில் நுரைத்த எச்சில் ஊறும், பிறகு வாந்தி வரும். அப்போது மேலே தண்ணீர் குடித்துத் தள்ளப் பார்க்காதீர்கள். எழுந்து மெதுவாக நடந்து, அது தானே இறங்கும்வரை பொறுங்கள். பல மணிநேரம் கழித்தும் தண்ணீர்கூட இறங்காவிட்டால் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

தண்ணீரும் சாப்பாடும் ஒன்றாகப் போகக் கூடாது. சாப்பாட்டுக்கு அரை மணிநேரம் முன்பு நிறுத்தி, முடித்து அரை மணிநேரம் கழித்துத் தொடங்குங்கள். அந்த இடைவெளிகளுக்குள் 1.5 முதல் 2 லீற்றர் குடித்தாக வேண்டும். கொழும்பின் புழுக்கத்தில், பஸ்ஸில் நின்றபடி வேலைக்குப் போய்வருபவருக்கு இது இலேசல்ல. போத்தல் எப்போதும் பையில் இருக்கட்டும். சிறுநீர் கடும் மஞ்சளானால் பின்தங்கிவிட்டீர்கள். காஸ் அடைத்த சோடா வகைகள் வயிற்றை உப்பச் செய்யும், விட்டுவிடுங்கள்.

விருந்துக்குப் போனால் "கொஞ்சம்தானே போட்டேன்" என்று இரண்டாம் முறை வைப்பவர்களோடு வாதாடிப் பயனில்லை. சிறு பீங்கானை நீங்களே எடுத்து, நீங்களே பரிமாறி, மெதுவாகச் சாப்பிடுங்கள். கையில் தட்டு இருக்கும்வரை யாரும் கேட்கமாட்டார்கள்.

இனிப்புக்குப் பின் வரும் நடுக்கம்

பைபாஸ் செய்தவர் வட்டிலப்பமோ பலூடாவோ சாப்பிட்டு 10 முதல் 30 நிமிடத்துக்குள் வியர்வை, படபடப்பு, வயிற்றுப் பிடிப்பு, வயிற்றோட்டம் வந்தால் அது டம்பிங். செறிந்த சீனி நேராகக் குடலுக்குள் விழுந்து, இரத்தத்தில் இருந்து நீரை உள்ளே இழுப்பதால் வருவது. படுத்து ஓய்வெடுத்தால் அடங்கும்.

ஒன்று முதல் மூன்று மணிநேரம் கழித்து வருவது வேறு. சீனி வேகமாக ஏறியதால் இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்து, பிறகு குளுக்கோஸ் விழுந்துவிடுகிறது. நடுக்கம், குழப்பம், மயக்கம்; வாகனம் ஓட்டும்போது வந்தால் ஆபத்து. குளுக்கோமீற்றரில் 70க்குக் கீழே காட்டினால் இரண்டு மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, சீர்ப்பட்டதும் முட்டை அல்லது ஒரு பிடி கச்சான் சாப்பிடுங்கள். சீனியோடு நிறுத்தினால் அதே ஏற்ற இறக்கம் திரும்பும். அடிக்கடி வந்தால் எந்த நேரம், என்ன சாப்பிட்டபின் என்று எழுதிக்கொண்டு வைத்தியரிடம் போங்கள்.

குளிசைப் பெட்டி

எடை இறங்குகிறது, உடம்பு இலேசாக இருக்கிறது, குளிசை எதற்கு என்று இரண்டாம் வருடத்தில் நிறுத்துபவர்கள் நிறையப் பேர். பி12 ஈரலில் சேமிப்பாக இருப்பதால் குறைபாடு உடனே தெரியாது. ஒன்றிரண்டு வருடம் கழித்துக் கால் விறைப்பு, நாக்கு எரிவு, மறதி என்று தலைகாட்டும். நீரிழிவுக்காரருக்கு அந்த விறைப்பைச் சீனியின் கணக்கில் எழுதிவிடுவதும் உண்டு. மெட்போர்மின் குடிப்பவருக்கு அதுவும் சேர்ந்து பி12ஐக் குறைக்கும். இந்தக் குளிசைகள் ஆயுளுக்கும் தேவை.

பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் அளவுகள்: பி12 வாய்வழியாக நாளுக்கு 350 முதல் 1000 மைக்ரோகிராம், அல்லது மாதம் ஒருமுறை 1000 மைக்ரோகிராம் ஊசி. விட்டமின் டி3 நாளுக்கு 3000 ஐ.யு. கல்சியம் 1200 முதல் 1500 மில்லிகிராம். இரும்பு 18 மில்லிகிராம். மாதவிடாய் உள்ள பெண்களுக்கும் பைபாஸ் செய்தவர்களுக்கும் 45 முதல் 60. மல்டிவிட்டமினில் தயமின் (விட்டமின் பி1) 12 மில்லிகிராமாவது இருக்கட்டும். துத்தநாகமும் செப்பும் உள்ளதா என்றும் பாருங்கள். மெல்லும் ஜெலி வகைகளில் பெரும்பாலும் இரும்பு இராது.

கல்சியம் வாங்கும்போது பலர் ஏமாறுவது லேபிளில். 1250 மில்லிகிராம் கல்சியம் காபனேற்று என்றால் உண்மையான கல்சியம் 500தான். கல்சியம் சிற்றேற்று 1000 மில்லிகிராமில் 210 அளவுதான். காபனேற்று கரைய அமிலம் வேண்டும். உங்களுக்கு அமிலம் குறைவு, அதோடு அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோலும் குடிப்பீர்கள். ஆகவே சிற்றேற்றைக் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் காபனேற்றைச் சாப்பாட்டோடு எடுங்கள். ஒரு நேரத்தில் 600 மில்லிகிராமுக்கு மேல் உடம்பு ஏற்காது, பிரித்துத்தான் குடிக்க வேண்டும்.

கல்சியமும் இரும்பும் ஒன்றையொன்று தடுக்கும். இடையே இரண்டு மணிநேரம் விடுங்கள். தேநீரும் இரும்புக்கு எதிரி. காலை எழுந்ததும் பால்தேநீர், பத்து மணிக்குப் பிளேன்டீ, நாலு மணிக்கு இன்னொன்று என்ற ஊரில் இரும்புக்கு இடமே கிடைப்பதில்லை! நடைமுறையில் ஓடும் ஒழுங்கு ஒன்று: காலைச் சாப்பாட்டோடு மல்டிவிட்டமின், மதியமும் பின்னேரமும் கல்சியம், படுக்கும்முன் தேசிக்காய்த் தண்ணீரோடு இரும்பு. அந்த மல்டிவிட்டமினிலும் இரும்பு இருப்பதால் காலைத் தேநீரைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள்.

வாந்தி இரண்டு மூன்று நாள் விடாமல் தொடர்ந்தால் தயமின் வேகமாகத் தீர்ந்துவிடும். இரட்டைப் பார்வை, நடை தள்ளாட்டம், குழப்பம் வந்தால் அது மூளையைத் தொட்டுவிட்டது. சேலைன் ஏற்றும் இடத்தில் "எடை குறைப்புச் சத்திரசிகிச்சை செய்தவர், பல நாளாக வாந்தி" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் கொடுக்க வேண்டும்.

நோவுக்கு பரசிற்றமோல் மட்டும்: 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, 24 மணிநேரத்தில் எட்டுக்கு மேல் கூடாது. டைக்குளோபெனக், ஐபுபுரோபன், மாதவிடாய் நோவுக்குக் குடிக்கும் மெபனமிக் அசிட் எல்லாம் புண்ணை உண்டாக்கும், குறிப்பாகப் பைபாஸ் இணைப்பில். முதுகு நோவு என்று பார்மசியில் கேட்டால் முதலில் கைக்கு வருவதும் இவைதான். இருதயத்துக்காக அஸ்பிரின் குடிப்பவர் தானாக நிறுத்தாமல் வைத்தியரைக் கேட்கட்டும். சிகரெட்டும் அதே புண்ணைத் தரும். மதுபானம் முன்னைவிட வேகமாக ஏறும்.

நீரிழிவு, பிரஷர் குளிசைகளின் அளவு முதல் வாரங்களிலேயே குறைய வேண்டியிருக்கும். கிளிக்லசைட்டைப் பழைய அளவில் தொடர்ந்தால் சீனி ஆபத்தாக விழும். வீட்டில் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். மெல்லக் கரையும் வகைக் குளிசைகளுக்கு மாற்று உண்டா என்றும் கேளுங்கள்.

உடம்பில் தெரியும் மாற்றங்கள்

மூன்றாம் மாதத்தில் இருந்து ஆறாம் மாதம்வரை முடி கொட்டும். சத்து போதுமாக இருந்தால் திரும்ப முளைக்கும். எண்ணெய்க்குச் செலவழிப்பதைவிடப் புரதத்தையும் பெரிற்றினையும் (இரும்புச் சேமிப்பைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) பாருங்கள். வேகமாக எடை இறங்கும்போது பித்தக்கல் வரும்; அதற்காகத்தான் பலருக்கு ஆறு மாதம் ஊர்சோடியொக்சிகோலிக் அசிட் எழுதுகிறார்கள். தொங்கும் தோல் மடிப்புகளில் இந்தக் காற்றின் ஈரத்தில் பங்கசு பிடிக்கும். குளித்ததும் ஒற்றியெடுத்து உலர்த்தி, மடிப்புக்குள் மெல்லிய பருத்தித் துணி வையுங்கள். சிவந்து அரித்தால் குளோட்ரிமசோல் கிறீம்.

பெண்களுக்கு எடை இறங்க இறங்கக் கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும். ஆனால் முதல் 12 முதல் 18 மாதம் கர்ப்பம் வேண்டாம். பைபாஸுக்குப் பின் கருத்தடைக் குளிசையை நம்ப முடியாது. லூப் அல்லது கையில் வைக்கும் இம்பிளான்ட் பொருத்தம். பிறகு கர்ப்பமானால் கிளினிக்கில் குளுக்கோஸ் கரைசல் குடிக்கச் சொல்லும்போது சத்திரசிகிச்சை பற்றிச் சொல்லுங்கள். அது கடும் டம்பிங்கைத் தரும். வீட்டில் குளுக்கோமீற்றரால் அளந்து பார்ப்பது மாற்றுவழி.

ரமழான் நோன்பு, கந்தசஷ்டி உபவாசம் இரண்டையும் முதல் வருடம் தள்ளிவையுங்கள். 14 மணிநேரம் நீரின்றி இருந்துவிட்டு இரவில் அந்தத் தண்ணீரைச் சின்ன இரைப்பையால் ஈடுசெய்ய முடியாது.

பொறுக்கக் கூடாதவை

முதல் வாரங்களில் நாடித்துடிப்பு ஓய்விலும் 120க்கு மேல், 38 பாகைக்கு மேல் காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்று நோவு, இடது தோள் நோவு: தையல் கசிவாக இருக்கலாம். மூச்சுத் திணறல், ஒரு கால் வீக்கம்: இரத்தக்கட்டி. கறுப்பு மலம்: இரத்தக் கசிவு. 1990 அம்புலன்ஸை அழையுங்கள், விடியட்டும் என்று இருக்க வேண்டாம். பைபாஸ் செய்து வருடங்கள் கழித்துச் சாப்பிட்டபின் பிடித்துப் பிடித்து நோவு வந்து போனால் காஸ்ரிக் என்று விட்டுவிடாதீர்கள். குடல் உள்ளே சிக்கிக்கொண்டு மீள்வதாக இருக்கலாம், சீ.டி. ஸ்கான் பற்றிச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் கேளுங்கள்.

பரிசோதனையும் தராசும்

மூன்றாம், ஆறாம், பன்னிரண்டாம் மாதத்திலும் பிறகு வருடம் ஒருமுறையும் இரத்தப் பரிசோதனை: முழு இரத்தக் கணக்கு, பெரிற்றின், பி12, போலேட், விட்டமின் டி, கல்சியம், பரதைரொயிட் ஹோர்மோன், அல்புமின், ஈரல், சிறுநீரகம், நீரிழிவு இருந்தால் எச்பிஏ1சி. எல்லாவற்றுக்கும் காசு இல்லையென்றால் முழு இரத்தக் கணக்கையும் பெரிற்றினையும் பி12ஐயுமாவது விடாதீர்கள். ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே இரும்புச் சேமிப்பு வற்றியிருக்கும்; அதைக் காட்டுவது பெரிற்றின்.

எடை 12 முதல் 18 மாதத்தில் அடிமட்டத்துக்கு வந்து, பிறகு சில கிலோ ஏறுவது வழமை. இடையில் இரண்டு மூன்று வாரம் அசையாமல் நிற்பதும் வழமை. வாரத்தில் ஒரே நாளில், ஒரே நேரத்தில் ஒருமுறை ஏறி நில்லுங்கள், போதும். தொடர்ந்து ஏறினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சோற்றை அல்ல. மிக்ஸர், முறுக்கு, பிஸ்கட், ஐஸ்கிறீம், மில்க் ஷேக் எல்லாம் கரைந்தோ நொறுங்கியோ வழுக்கி இறங்கும். வயிறு நிறைந்ததாகச் சொல்லாது, நாள் முழுக்கக் கொறிக்கலாம். மூன்று நாள் வாயில் போட்டதையெல்லாம் எழுதிப் பார்த்தால் அனேகமாக அங்கேயே விடை கிடைக்கும். கிடைக்காவிட்டால் அந்தத் தாளோடு உணவு ஆலோசகரிடம் போங்கள்.