வேப்பம்பூ கொட்டும் நாட்களில்

பங்குனி பிறந்தால் எங்கள் திருமங்கலம் பக்கம் வேப்பமரங்கள் பழைய இலையைக் கொட்டிவிட்டுச் செம்புநிறத் தளிர் விடும். தளிர் பச்சை பிடிப்பதற்குள் பூங்கொத்துகள் தொங்கத் தொடங்கும். ஒரு மரம் பூக்கொட்டுவது மிஞ்சிப்போனால் இரண்டு மூன்று வாரம். நடுவில் ஒரு கோடை மழை வலுத்து அடித்தால் அதுவும் போச்சு. ஆகவே பூவைக் கண்ட அன்றே தயாராகிவிடுங்கள்.

எடுத்ததும் அடுப்படிக்குப் போக வேண்டாம். பொழுது சாய்ந்தபின் கட்டிலை மரத்தடிக்கு இழுத்துப் போட்டுச் சற்று நேரம் சும்மா இருங்கள். வேப்பம்பூவின் தேன்வாசம் இருட்டிய பிறகுதான் நன்றாக எழும். மாடியை ஒட்டிக் கிளை இருந்தால் இன்னும் நல்லது. ஐந்து வெள்ளை இதழையும் நடுவில் நிற்கும் சின்னக் குழலையும் கிட்டத்தில் பார்க்கலாம். மல்லிகைக்குப் பேர்போன மதுரையை ஆண்ட பாண்டியர்கள் தங்கள் குடிக்கு அடையாளமாகச் சூடியது இந்தப் பூவைத்தான். எனக்கு அதில் தனிப் பெருமை உண்டு.

பூவுக்காகக் கிளையை ஒடிக்காதீர்கள். இன்றைய கொத்துதான் ஆனி, ஆடியில் பழமாகும். மைனாவும் குயிலும் அதை நம்பி வரும். தானாக உதிர்வதே நமக்குத் தாராளம். ராத்திரி படுக்கப் போகுமுன் பழைய வெள்ளை வேட்டியைத் துவைத்து மரத்தடியில் விரித்து, நாலு மூலையிலும் கல் வையுங்கள். விடிந்ததும் வெயில் ஏறுமுன் அள்ளிவிடலாம். சாலையோர மரம் வேண்டாம், புழுதி படிந்திருக்கும். சுத்தமான துணியில் விழுந்த பூவைக் கழுவவும் வேண்டாம், வாசம் குறைந்துவிடும். குச்சியையும் எறும்பையும் பொறுக்கிவிட்டு நிழலில் உலர்த்தி, கடைசியில் ஒருநாள் வெயில் காட்டி, ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் அடையுங்கள். அடுத்த பங்குனி வரை இருக்கும்.

சித்திரை முதல் நாள் மாங்காய்ப் பச்சடிக்கு மட்டும் அன்று காலை விழுந்த பூவையே போடுங்கள். வெல்லமும் புளிப்பும் நாக்கில் அடங்கியபின் அந்தக் கசப்பு வரும்.

ரசத்துக்குக் காய்ந்த பூ போதும். நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து, உப்பும் பெருங்காயமும் சேர்த்துப் பச்சை வாடை போகக் கொதிக்கவிட்டு, தண்ணீர் விளாவி நுரை கட்டியதும் இறக்குங்கள். நெய்யில் கடுகும் மிளகாய் வற்றலும் தாளித்துக் கொட்டுங்கள். பிறகு இன்னொரு கரண்டி நெய்யில் ஒரு மேசைக்கரண்டி பூவைச் சிறு தீயில் கருஞ்சிவப்பாக வறுத்து, இறக்கி வைத்த ரசத்தில் சேருங்கள். நெய்க்குப் பதில் எண்ணெய் ஊற்றினால் எனக்கு மனசு கேட்காது. பூ விழுந்தபின் கொதிக்கவிடக் கூடாது, கசப்பு முழுக்க ரசத்தில் இறங்கிவிடும்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்புவதானால் வறுக்காத பூவையே அனுப்புங்கள். வறுத்தது சில நாளிலேயே நமுத்துவிடும்.