வாட்டர் கூலர் போட்டும் கணினி இரைகிறதா?

சத்தம் வேண்டாம் என்றுதான், கணினியின் சூட்டைத் தண்ணீரால் தணிக்கும் வாட்டர் கூலர் வாங்குகிறோம். மாட்டி முடித்தால் பெட்டிக்குள் சலசலவென்று ஓடை ஓடுகிறது! பெரும்பாலும் குற்றவாளி, பம்ப்புக்குள் சிக்கிய காற்றுக்குமிழிதான். தண்ணீர் அடைத்தே விற்கும் மூடிய வகைக் கூலர்களில் பம்ப் பெரும்பாலும் ப்ராசஸர் மேல் உட்காரும் பகுதியிலேயே இருக்கும். தண்ணீர் ஓடும் பாதையில் அதுவே மிக உயரமான இடமாகிவிட்டால் காற்று அங்கே போய்த் தங்கும். அதனால் ரேடியேட்டரை, அதாவது தண்ணீரின் சூட்டை வெளியேற்றும் விசிறி மாட்டிய பகுதியை, பெட்டியின் கூரையில் மாட்டுங்கள். முன்பக்கம்தான் இடம் என்றால், அதன் மேல்முனை பம்ப்பைவிட உயரமாக இருந்தால் போதும். அடியில் மட்டும் வேண்டாம்.

அப்புறம் விசிறி. 120 மி.மீ. விசிறி ஒன்று வேகமாகச் சுற்றுவதைவிட, 360 மி.மீ. ரேடியேட்டரில் மூன்று விசிறிகள் மெதுவாகச் சுற்றுவது எவ்வளவோ நிம்மதி. ப்ராசஸர் சூடு நொடியில் ஏறி இறங்கும். தண்ணீர் நிதானமாகத்தான் சூடாகும். ஆகவே பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் திரை) விசிறி வேகம் மாறுவதற்குச் சில நொடி தாமதம் வையுங்கள். பிரவுசரைத் திறக்கும்போதெல்லாம் 'உய்ய்' என்று கத்துவது நின்றுவிடும். பம்ப்பை ஏற்றி இறக்காமல் ஒரே வேகத்தில் ஓட விடுங்கள்.

குழாய், தொட்டி எல்லாம் நீங்களே கோர்ப்பதானால் வீட்டுக் குழாய்த் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். செம்பு ரேடியேட்டரோடு அலுமினிய பாகத்தைச் சேர்த்தாலும் வம்புதான், அலுமினியம் அரித்துவிடும்.